முட்டைமேல் உட்கார்ந்திருப்பது தாய் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. பிலிப்பைன்ஸில் அனிலாவ் கடலில் டைவ் முடித்துக் கரையேறிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டாய் போலிருக்கிறது. எழுத்தில் அவ்வளவு அவசரம். “அண்ணா, ஒரு தாய் நத்தை தன் முட்டைகளைக் கட்டிக்கொண்டு காவல் காக்கிறது, பாருங்கள்” என்று ஆரம்பித்து, கடலுக்குள் தாய்ப்பாசம் என்று தலைப்பும் வைத்துவிட்டாய். படம் அருமை. அந்தச் சிவப்பு முட்டை நாடாவின் ஒவ்வொரு மடிப்பும் துல்லியமாக விழுந்திருக்கிறது. நீ வைத்த தலைப்புதான் தப்பு. அங்கே தாயும் கிடையாது, காவலும் கிடையாது. அந்த உயிர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவு. முட்டையும் அதன்மேல் ஒரு நத்தையும் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால், தாயும் பிள்ளையும் என்றுதான் மனம் உடனே கணக்குப் போடும். அந்தக் கணக்கை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, உன் படத்தையே திரும்பப் பெரிதாக்கிப் பார். விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் அளவைப் பார். அந்த நத்தை ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும், மிஞ்சினால் ஒன்றரை. அது உட்கார்ந்திருக்கும் நாடாவின் அகலமே அதன் உடல் நீளத்தைத் தொடுகிறது. அந்த நாடாவோ சேலைக் கொசுவம் போல மடிந்து மடிந்து பல சுற்றுப் போகிறது. அவ்வளவும் இந்தச் சிறு வயிற்றிலிருந்து வந்திருக்க முடியுமா, சொல். இரண்டாவது, தலை எங்கே இருக்கிறது என்று பார். நாடாவின் விளிம்பில் முகத்தைப் புதைத்திருக்கிறது. மூன்றாவது, தலைக்கு முன்னாலும் பக்கத்திலும் விளிம்பு பிய்ந்து குதறியதுபோல் இருக்கிறதே, அதை எப்படிக் கவனிக்காமல் விட்டாய்? அது நீரோட்டத்தில் கிழிந்த கிழிசல் இல்லை. முட்டைகள் காலியான இடம்.

நீ பார்த்தது ஃபேவரினஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ஓடில்லாக் கடல் நத்தை. (நடுவில் ஓரிடத்தில் கடல் அட்டை என்று எழுதியிருக்கிறாய். அது முற்றிலும் வேறு உயிர், நட்சத்திர மீனின் உறவு. இனி கலக்காதே.) மற்றக் கடல் நத்தைகளின் முட்டைகளைத் தின்பதுதான் இந்தப் பேரினத்தின் பிழைப்பு. முட்டைக்குச் சொந்தக்காரர் ஹெக்ஸாபிராங்கஸ். டைவ் செய்கிறவர்கள் ஸ்பானிஷ் டான்சர் என்று சொல்வார்களே, அதே ஆள். 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடிய பெரிய சிவப்பு நத்தை. உடலின் ஓரத்தை அலை அலையாக மடித்து விரித்து நீந்தும். அதுதான் அந்த நாடாவை இட்டது. இட்டுவிட்டுப் போய்விட்டது. இந்த வகை நத்தைகள் பெரும்பாலும் முட்டைக்குப் பக்கத்தில் காத்துக் கிடப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உடல். இரண்டு சேர்ந்தால் இரண்டுமே பிறகு முட்டையிடும். ஆகவே ‘தாய்’ என்ற சொல்லை இங்கே கொண்டுவந்தால் ‘தகப்பன்’ என்ற சொல்லையும் அதே உடலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

“அப்படியானால் ஏன் நிறம் ஒன்றாக இருக்கிறது? அந்த நத்தையும் சிவப்பு, முட்டையும் சிவப்பு. சொந்தமில்லாமலா?” என்று அடுத்துக் கேட்பாய். தெரியும். கடிதத்தின் கடைசியில் ‘புதுச் சிவப்பு இனமாக இருக்குமோ’ என்று வேறு ஆசைப்பட்டிருக்கிறாயே. நீ கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

ஃபேவரினஸின் முதுகில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவே, அவற்றுக்கு செராட்டா என்று பெயர். வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதே. அதன் செரிமானச் சுரப்பி கிளை பிரிந்து அந்த ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஓடுகிறது. மேல்தோல் கண்ணாடி மாதிரித் தெளிவானது. ஆகவே அது என்ன தின்றதோ அது வெளியே தெரியும். ஹெக்ஸாபிராங்கஸின் முட்டையைத் தின்றால் விரல்கள் இளஞ்சிவப்பாகும். வெள்ளை முட்டையைத் தின்றதை வெள்ளையாகப் பார்ப்பாய், ஆரஞ்சு முட்டையைத் தின்றதை ஆரஞ்சாகப் பார்ப்பாய். நீ பார்த்த சிவப்பு அதன் சொந்த நிறமே இல்லை, வயிற்றில் இருக்கும் சாப்பாடு. நிறத்தை வைத்து ஃபேவரினஸை இனம் பிரிக்கப் புறப்பட்டால் ஒரே இனத்துக்கு நாலு பெயர் வைத்துவிட்டு வருவாய்.

வேறு எதைப் பார்ப்பது? தலைமேல் நிற்கும் இரண்டு கொம்புகளைப் பார். ரைனோஃபோர் என்பார்கள். நீரில் கரைந்து வரும் வாசனையைப் பிடிக்கும் உறுப்பு. ஃபேவரினஸ் இனங்கள் பலவற்றில் இந்தக் கொம்பு நேராகப் போகாமல் முடிச்சு முடிச்சாக வீங்கி நிற்கும். வீக்கம் எத்தனை, எங்கே, என்ன நிறம் என்பது இனத்துக்கு இனம் மாறும். ஜப்பானிய விலங்கியலாளர் கிகுதாரோ பாபா 1949இல் பெயரிட்ட ஃபேவரினஸ் ஜப்பானிகஸ் ஒன்று. அவரே இன்னொருவரோடு சேர்ந்து 1964இல் விவரித்த ஃபேவரினஸ் சுருகானஸ் இன்னொன்று. இதன் கொம்பு கன்னங்கரேலென்று உருண்டை உருண்டையாக இருக்கும். ஐரோப்பியக் கடலில் உள்ள ஃபேவரினஸ் பிராங்கியாலிஸ் 1806இலேயே பெயர் பெற்றுவிட்டது. உன் படத்தில் கொம்பு குவியத்துக்கு வெளியே போய் மங்கலாகிவிட்டது. முட்டையின் அழகில் மயங்கி, அடையாளம் இருக்கிற இடத்தை விட்டுவிட்டாய். அடுத்த தடவை கொம்பைக் குவி. முட்டை எங்கும் ஓடிவிடாது.

இப்போது உன் முகம் சுருங்கியிருக்கும். “இவ்வளவு அழகான முட்டையைத் தின்கிறதா? அதுவும் தன் இனத்தையே?” தன் இனம் என்று யார் சொன்னது? சிங்கமும் பாலூட்டி, மானும் பாலூட்டி. அதற்காகச் சிங்கத்தை யாரும் தன்னினம் தின்னி என்று சொல்வதில்லை. நியூடிபிராங்க் என்ற பெருங்கூட்டத்தில் சுமார் 3,000 இனங்கள் இருக்கின்றன. அதில் ஹெக்ஸாபிராங்கஸ் டோரிட் என்ற கிளை, ஃபேவரினஸ் ஏயோலிட் என்ற கிளை. மிகப் பழைய காலத்திலேயே பிரிந்துபோன வம்சங்கள். உடல் அமைப்பு வேறு, மூச்சு விடும் விதம் வேறு, சாப்பாடு வேறு. இரண்டுக்கும் ஓடில்லை, இரண்டும் மெதுவாக ஊர்கின்றன என்பதால் உனக்கு ஒன்றாகத் தெரிகிறது.

நத்தையை முழுசாகத் தின்னும் நத்தைகளும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு திடுக்கிடாதே. ஜிம்னோடோரிஸ் என்ற பேரினம் பெரும்பாலும் மற்ற நத்தைகளை வேட்டையாடி வாழ்வது. கலிபோர்னியாக் கரையில் நவனாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மற்ற நத்தைகள் ஊர்ந்து போன வழவழப்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் அப்படியே விழுங்கிவிடும். ராபர்ட் பெயின் என்ற சூழலியலாளர் 1963இல் அதைப் பற்றி எழுதினார். நட்சத்திர மீனை வைத்துப் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றாரே, அவரேதான். இவற்றோடு வைத்துப் பார்த்தால் முட்டை தின்னிகள் சாதுவானவை. ஆனால் சாது என்பதால் சோம்பேறி என்று நினைத்துவிடாதே. நான் உனக்கு இதை இவ்வளவு நீளமாக எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

முட்டை சும்மா கிடைக்கிற சாப்பாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடாது, கடிக்காது, காவல் இல்லை, உள்ளே முழுக்கச் சத்து. போய் வாயை வைத்தால் போதும் என்று தோன்றும். அப்படி இருந்தால் பவளப்பாறையில் இருக்கும் மீன்கள் விட்டு வைத்திருக்குமா? யோசி. பட்டப்பகலில் பளீரென்ற சிவப்பில், பாறையின் மேல், எல்லோர் கண்ணுக்கும் படும்படி அந்த நாடா நாள்கணக்கில் கிடக்கிறது. எத்தனை மீன் அதைக் கடந்து போகிறது. பெரும்பாலும் எதுவும் அதைத் தின்பதில்லை.

காரணம் 1986இல் வெளியே வந்தது. ஜப்பானின் தெற்குக் கோடியில், இஷிகாகி தீவில், கபிரா என்று ஒரு விரிகுடா. அங்கே எடுத்த கடல் நத்தை முட்டை நாடாவைத் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபுசெதானி குழுவினர் ஆராய்ந்தபோது பூஞ்சையைக் கொல்லும் ஒரு புதிய வேதிப்பொருள் கிடைத்தது. இடத்தின் பெயரையே வைத்து கபிராமைடு என்று அழைத்தார்கள். அதே ஆண்டு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பால் ஷோயரின் ஆய்வகமும் அங்குள்ள முட்டை நாடாவிலிருந்து இதே குடும்பத்துப் பொருளைப் பிரித்தெடுத்து உலாபுவாலைடு என்று பெயர் சூட்டியது. ஒரு பெருங்கடலின் இரண்டு இடங்கள், ஒரே ஆண்டு, ஒரே வகை முட்டை. இந்தப் பொருள்கள் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேலை செய்ய விடாமல் தடுப்பவை. ஆக்டின் இல்லாமல் செல் தன் வடிவத்தைக் காக்கவும் முடியாது, நகரவும் முடியாது. விஷம் என்று சொல்வதில் தப்பே இல்லை.

நத்தை அதைத் தானாகத் தயாரிக்கிறதா? அதற்கும் விடை கிடைத்தது. 1988இல் பாலிக் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிய கட்டுரை, ஹாலிகோண்ட்ரியா என்ற கடற்பஞ்சைக் காட்டியது. ஹெக்ஸாபிராங்கஸ் அந்தப் பஞ்சைத் தின்கிறது. பஞ்சில் இருக்கும் விஷத்தை எடுத்துத் தன் முதுகில் சேர்த்துவைக்கிறது. முட்டையிடும்போது முட்டைக்கும் கொடுத்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் உன் கண் முன்னால் கிடந்த நாடா அப்படிச் சீதனம் வாங்கிக்கொண்டு வந்த நாடா. காவல் காக்க ஆள் இல்லை என்றேனே, ஆள் எதற்கு? மீன் கடித்துப் பார்த்துத் துப்பிவிடும்.

அந்த முட்டையைத்தான் இந்த ஒரு சென்டிமீட்டர் உயிர் உட்கார்ந்து தின்கிறது. முட்டையோடு அதில் உள்ள விஷமும் சேர்ந்துதானே வயிற்றுக்குள் போகிறது! முதுகு விரல்கள் முழுக்க அந்த முட்டைப் பொருளால் நிறைந்து சிவந்துபோய், மீன் தொடத் தயங்கும் இடத்தில், முட்டையின் நிறத்திலேயே, நாள்கணக்கில் தங்கியிருக்கிறது. மற்றவர்களை விரட்டும் பண்டம் அதற்குச் சாப்பாடு. மற்றவர்கள் விலகிப்போகும் இடம் அதற்கு வீடு. தன் முட்டையையும் பெரும்பாலும் அங்கேயே, சிவப்பு நாடாவின் மேலேயே, மெல்லிய வெள்ளைச் சரமாக இட்டுவைக்கும். உன் படத்தின் இடது மூலையில் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறதே, குப்பை என்று நினைத்துப் படத்தை வெட்டலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டாதே! அந்த நத்தை உண்மையிலேயே இட்ட முட்டை அதுதானாக இருக்கும்.

இந்தப் பிழைப்புக்கு அது எதை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏயோலிட் வம்சத்தின் பெரும்பாலான நத்தைகள் ஹைட்ராய்டு, கடல் சாமந்தி முதலிய கொட்டும் உயிர்களைத் தின்பவை. தின்றவற்றின் கொட்டும் செல்களை வெடிக்காமல் பத்திரமாக எடுத்துக்கொண்டுபோய் முதுகு விரல்களின் நுனியில் உள்ள பைகளில் நிரப்பிக்கொள்ளும். கடிக்க வரும் மீனுக்கு அங்கே அடி காத்திருக்கும். வம்சத்தின் பெரிய சொத்து அது. முட்டையில் கொட்டும் செல் கிடையாது. முட்டையே கதி என்று போன ஃபேவரினஸுக்கு அந்த ஆயுதம் வரும் வழி அடைபட்டுவிட்டது. கிடைத்தது முட்டையின் நிறமும் முட்டையின் அக்கம்பக்கமும் மட்டும்.

இன்னொரு கஷ்டம், சாப்பாடு நிலைக்காது. கடற்பஞ்சு இன்று இருக்கும் இடத்தில் அடுத்த மாதமும் இருக்கும். முட்டை அப்படியா? நீரின் வெப்பத்தைப் பொறுத்துச் சில நாளிலோ சில வாரத்திலோ பொரிந்து, உள்ளிருந்தவை நீந்திப் போய்விடும். மிஞ்சுவது வெறும் வழவழப்பு. அதற்குள் தின்று, வளர்ந்து, துணை தேடி, முட்டையும் இட்டாக வேண்டும். பிறகு இன்னொரு நாடாவைத் தேடிப் போக வேண்டும். அந்த நாடா எங்கே இருக்கும்? ஒரு பாறை இடுக்கில், ஒரு திருப்பத்துக்கு அப்பால். ஒரு சென்டிமீட்டர் உடம்புக்கு அது எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார். முடிச்சு வைத்த அந்தக் கொம்புகளை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசினேன் என்று இப்போது புரிகிறதா? கண் இவற்றுக்கு வெளிச்சம், இருட்டு தெரிகிற அளவுக்குத்தான். வாசனைதான் வழிகாட்டி.

“இப்படி ஒரு பிழைப்பை ஒரே ஒரு குடும்பம்தான் பிடித்ததா?” என்று கேட்டால் நல்ல பிள்ளை. இல்லை. முற்றிலும் வேறொரு கூட்டத்திலும் இது நடந்திருக்கிறது. சாக்கோகுளோசா என்று ஒரு நத்தைக் கூட்டம். கிட்டத்தட்ட எல்லாமே பாசி தின்னிகள். பாசியின் செல்லைப் பல்லால் கீறிச் சாற்றை உறிஞ்சுபவை. பசுங்கணிகத்தைத் திருடி உடம்பில் வைத்துக்கொள்ளும் நத்தை என்று நீ முன்பு வியந்து எழுதியது இந்தக் கூட்டத்தைத்தான். அதில் ஓலியா ஹான்சினியென்சிஸ் என்று ஒன்று, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சான் ஹுவான் தீவுகள் பக்கத்துச் சேற்றுக் கடலில் வாழ்கிறது. பாசியை விட்டுவிட்டு முட்டைக்கு வந்துவிட்டது. அங்கே ஹமினோயியா என்ற நத்தை, கடல் புல்லில் மஞ்சள் நாடாவாக முட்டையிடும். மெலனோகிளாமிஸ் என்ற கருப்பு நத்தை, வழவழப்பான ஒரு சிறு பலூனுக்குள் முட்டைகளை வைத்து, ஒரு நூலால் சேற்றில் நங்கூரம் போட்டு விட்டுப் போகும். அலை வந்தால் பலூன் ஆடும், ஆனால் போகாது. ஓலியா இந்த இரண்டையும் தேடிப் போய்த் தின்கிறது. ஐரோப்பாவில் கலியோபியா என்ற பேரினமும் இதே வழியில் போயிருக்கிறது. செல்லைக் கீறி உறிஞ்சப் பழகிய வம்சத்துக்கு முட்டை எட்டாத தூரத்தில் இல்லை என்பது என் எண்ணம். ஒரு செல்லை உறிஞ்சுகிறவன் இன்னொரு செல்லை உறிஞ்சப் போகிறான், அவ்வளவுதான்.

மீன் முட்டைக்கே போய்விட்ட நத்தையும் உண்டு. ஐரோப்பியக் கரையில், கால்மா. கோபி போன்ற சிறு மீன்கள் கல்லுக்கும் காலிச் சிப்பிக்கும் அடியில் ஒட்டி வைக்கும் முட்டைகளை இது தின்னும். அதன் முதுகு விரல்களுக்குள் மீன் கருவின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அதுவும் முட்டைக் கூட்டம் போலவே தோன்றும். 1922இல் எவன்ஸ் என்பவர் அதன் உடலைப் பகுத்துப் பார்த்து எழுதியது எனக்கு எப்போதும் வியப்பு. அதற்குக் கழிவு வெளியேறும் வழியே இல்லை. மீன் முட்டை அவ்வளவு முழுமையான உணவு, மிச்சம் என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. உண்ணும் உணவு ஓர் உடம்பை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

சரி, உன் கடிதத்தில் என்னைச் சங்கடப்படுத்திய வரிக்கு வருகிறேன். “ஒருவேளை அது எதிரியாக இருந்தால் சொல்லுங்கள், மறுபடி இறங்கி எடுத்துப் போட்டுவிடுகிறேன், முட்டைகள் பிழைக்கட்டும்” என்று எழுதியிருக்கிறாய். இதற்கு மட்டும் உன்னைத் திட்டத்தான் போகிறேன். யார் பிழைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல உன்னை யார் அங்கே அனுப்பினார்கள்? சிவப்பு நாடா கண்ணுக்கு அழகாக இருந்தது, அதனால் அது நல்லது. சிறியது அதைத் தின்கிறது, அதனால் அது கெட்டது. இந்தத் தராசை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்காதே. அந்த ஹெக்ஸாபிராங்கஸும் கடற்பஞ்சைத் தின்றுதான் வளர்ந்தது. பஞ்சும் உயிர்தான். அதற்காக நீ யாரை எடுத்துப் போடுவாய்?

முட்டைகள் தீர்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஒரே நாடாவில் முட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கும். கலிபோர்னியாவில் மெக்கினிட்டி என்பவர் கடல் முயல் என்ற பெரிய கடல் நத்தை ஒன்றைத் தொட்டியில் வைத்து எண்ணிப் பார்த்து 1934இல் எழுதினார். அந்த ஒரே உயிர் ஐந்து மாதத்துக்குள் இட்ட முட்டைகள் ஏறக்குறைய 47.8 கோடி. இவ்வளவு இடுவது ஏன்? பிழைத்து வருவது மிகச் சில என்பதால்தான். பொரிந்து வருகிறவை முதுகில் ஒரு சின்ன ஓட்டைச் சுமந்துகொண்டு வெலிஜர் என்ற இளம் பருவமாக நீரில் மிதக்கும். ஆமாம், ஓடில்லா நத்தைக்கும் பிள்ளைப் பருவத்தில் ஓடு உண்டு, உருமாறும்போது கழற்றிவிடும். மிதக்கும் காலத்தில் அவற்றைத் தின்னக் காத்திருக்கும் வாய்களுக்கு முன்னால் ஃபேவரினஸின் வாய் ஒரு கணக்கே இல்லை.

அது சரி, முட்டையை இப்படிப் பரப்பி வைக்காமல் ஒரே கட்டியாக உருட்டி வைத்தால் தின்னிகளுக்கு உள்ளே எட்டாதே என்று நீ கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டி தடித்தால் நடுவில் இருக்கும் கருக்களுக்கு மூச்சு கிடைக்காது. சான் ஹுவான் தீவின் ஆய்வு நிலையத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராத்மன் போன்றவர்கள் இந்த வழவழப்புக் கூடுகளைப் பல காலம் ஆராய்ந்தார்கள். ஓரத்தில் உள்ளவை ஆக்சிஜன் கிடைத்து முன்னால் வளர்ந்துவிடும், நடுவில் உள்ளவை பின்தங்கும். அதனால் நாடா மெல்லியதாக இருந்தே தீர வேண்டும். மெல்லியதாக இருந்தால் ஃபேவரினஸின் வாய்க்கு எட்டும். மூச்சு வேண்டும் என்றால் இந்த ஆபத்தையும் ஏற்கத்தான் வேண்டும். நீ ரசித்துப் படம் எடுத்த மடிப்புகளின் காரணமும் இதுதான்: மெல்லிய நாடாவைச் சிறு இடத்துக்குள் வைப்பதற்கு அதை மடிப்பதை விட வேறு வழியில்லை.

நம் பக்கத்துக் கடலில் இதெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொண்டு பிலிப்பைன்ஸுக்கு மட்டும் பெட்டி கட்டாதே. இலங்கையில் பிறந்த ராணுவ மருத்துவர் கேலார்ட், திருகோணமலைக் கடலில் கிடைத்த ஓடில்லாக் கடல் நத்தைகளை 1858 வாக்கிலேயே விவரித்து எழுதியிருக்கிறார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் சேகரித்தவற்றை வைத்து இங்கிலாந்தில் ஆல்டரும் ஹான்காக்கும் 1864இல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் கடல் முயல்கள் பாசிக்குள் சிக்கலாக முட்டைச் சரம் இட்டுவைப்பதைப் பார்க்கலாம். அங்குள்ள தேசியப் பூங்காத் தீவுகளுக்கு மட்டும் அனுமதி இல்லாமல் போகாதே. கரையோரத்து வற்று நேரம் உனக்குப் போதும். சரத்தைப் பார்த்தால் சும்மா கடந்து போகாதே. உட்கார்ந்து, பொறுமையாக, அதில் யாராவது விருந்தாளி இருக்கிறாரா என்று தேடு.

அடுத்த தடவை நாடாவைப் பார்க்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விளிம்பு பிய்ந்திருக்கும் இடத்திலிருந்து தேடத் தொடங்கு. நடுவில் தேடினால் நிறம் உன்னை ஏமாற்றிவிடும். விளக்கை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடி, முதுகு விரல்களின் நிழல் காட்டிக்கொடுக்கும். பூதக்கண்ணாடி லென்ஸ் இருந்தால் கொம்பைக் குவி. வெள்ளைச் சரம் இருந்தால் அதையும் படத்தில் சேர். நாடாவைக் கிள்ளிப் பார்க்காதே, நத்தையை விரலில் ஏந்தாதே, துடுப்பால் மணலைக் கிளப்பி முட்டைமேல் கொட்டாதே. கடைசியாகச் சொன்னதை நீ செய்திருக்கிறாய். படத்தின் அடியில் மணல் படிந்திருப்பது தெரிகிறது.

படத்தோடு நாள், இடம், ஆழம் மூன்றையும் எழுதி வை. முட்டையின் நிறத்தையும் வடிவத்தையும் தனியாக எழுது, அப்போதுதான் அது யாருடைய முட்டை என்று பிறகு கண்டுபிடிக்க முடியும். யாருடைய முட்டையில் உட்கார்ந்திருந்தது என்று தெரியாத ஃபேவரினஸ் படம் பாதிப் படம்தான். இப்போது அனுப்பியிருக்கும் படத்துக்கும் இந்த விவரங்களை எழுதி அனுப்பு, தலைப்பையும் மாற்று.

அன்புடன்,
அண்ணன்